லினக்ஸ் போட்டதும் திரை கறுப்பா? லேப்டாப் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய லேப்டாப்பை என்ன செய்வது? பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துப் படிப்பவரானாலும், கிள்ளானில் வீட்டிலிருந்தே வேலை செய்பவரானாலும், புது லேப்டாப் பெரிய செலவு. உபுண்டு, மிண்ட் போன்ற லினக்ஸ் இலவசம்.

ஆனா, போட்டு முடித்ததும் சிலருக்குத் திரை கறுப்பாகிவிடுகிறது. பெரும்பாலும் இது கிராஃபிக்ஸ் டிரைவர் பிரச்சினைதான். உங்கள் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும்.

ஏன் இப்படி ஆகுது?

இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் லினக்ஸுடனேயே வருகின்றன. தலைவலி பெரும்பாலும் என்விடியாவில்தான். அந்நிறுவனம் நீண்டகாலம் தன் டிரைவரின் மூல நிரலை வெளியிடவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2012-இல் பின்லாந்தில் ஒரு மேடையிலேயே இதற்காக என்விடியாவைத் திட்டினார். 2022 மே மாதம் அதன் ஒரு பகுதி திறக்கப்பட்டது. ஆனால் அது புதிய கார்டுகளுக்கு மட்டுமே.

முதலில் திரையை வரவழைப்போம்

1. லேப்டாப்பைத் திறந்ததும் எஸ்கேப் பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. ‘கிரப்’ மெனு வரும்.

2. முதல் வரியில் நின்று ‘ஈ’ எழுத்தை அழுத்துங்க. ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி, சின்ன எழுத்தில் எழுதி எஃப்10 அழுத்துங்க.

திரை வந்துவிட்டால் கோளாறு டிரைவரில்தான். இது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. நிரந்தரத் தீர்வு இல்லை.

சரியான டிரைவர் எது?

உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’, மிண்டில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து, பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்வு செய்யுங்க. எண் பெரிசா இருக்கிறதே நல்லதுன்னு நினைக்க வேண்டாம். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்கு 580-தான் கடைசி டிரைவர் வரிசை. ‘ஓபன்’ என்று குறிக்கப்பட்ட டிரைவரும் அவற்றுக்கு ஒத்துவராது.

பலர் தவறவிடும் நீலத் திரை

‘செக்யூர் பூட்’ இயங்கும் லேப்டாப்பில், டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி திறக்கும்போது நீலத் திரை வரும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பயந்து ‘கண்டினியூ பூட்’ அழுத்தினால், டிரைவர் உள்ளே இருக்கும், ஆனா வேலை செய்யாது.

அப்டேட்டுக்குப் பிறகு கறுத்தால்?

கர்னல் மாறியதும் டிரைவர் சில சமயம் அதனுடன் சேராமல் போகும். கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்து திறங்க. பிறகு டிரைவரை மீண்டும் நிறுவலாம்.

எப்போது கடைக்குப் போகணும்?

திறந்ததும் தயாரிப்பாளரின் லோகோவே வரவில்லையா? பயாஸ் திரையிலும் கோடு கோடாகத் தெரிகிறதா? அது வன்பொருள் கோளாறாக இருக்கலாம். அப்போ லோ யாட் பிளாசாவோ, வீட்டுப் பக்கத்துக் கடையோ, தாராளமாகக் கொண்டு போங்க. லோகோ தெளிவாக வந்து அதன் பிறகே கறுத்தால், மேலே சொன்னவற்றை முயலாமல் ‘ஃபார்மட்’ பண்ணச் சம்மதிக்காதீங்க. அசைன்மென்ட் எல்லாம் அதோடு போய்விடும்.