‘ச’ எது என்று யார் சொல்வது?

கட்டைபறிச்சானிலோ மூதூரிலோ கோயில் பசனைக்கு வைத்திருக்கும் ஆர்மோனியம் கைக்குக் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். துருத்தியை இயக்க ஒருவர் துணைக்கு இருந்தால் நல்லது.

வெள்ளைக் கட்டைகளைத் தொடவேண்டாம். கறுப்புக் கட்டைகள் மூன்றும் இரண்டுமாகக் கூடி நிற்கும். மூன்றில் முதலாவதை விடாமல் அழுத்திப் பிடித்து, அங்கிருந்து மேலே ஐந்து கட்டைகளையும் வரிசையாக வாசியுங்கள்: மோகன ராகம். பிடித்த விரலை இரண்டாவதற்கு மாற்றி அங்கிருந்து தொடங்கினால் மத்தியமாவதி. மூன்றாவதிலிருந்து இந்தோளம். எஞ்சிய இரண்டில் சுத்த சாவேரி, சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான். எது ‘ச’ என்பது மட்டுமே மாறியது.

‘ச’ என்ற ஒரு சுரத்தை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து அளப்பது காதின் பழக்கம். ‘ச’ விநாடிக்கு 200 தரம் அதிர்ந்தால் ‘ப’ 300 தரம் அதிரும். 2:3 என்ற அந்த எளிய உறவில் காது இளைப்பாறுகிறது. ‘ச’வை ஒட்டிய சுத்த ரிஷபமோ உரசும், கீழே இறங்கத் துடிக்கும். சுருதிப்பெட்டி ‘ச’வையும் ‘ப’வையும் ஓயாமல் ஒலிப்பது இந்த அளவுகோல் நழுவாதிருக்கத்தான்.

மேலைத்தேய இசையில் சுருதிப்பெட்டி கிடையாது. பல சுரங்களைச் சேர்த்து அடுக்கும் அடுக்குகளாலேயே ஆதாரம் எது என்று உணர்த்துவார்கள். பாட்டின் நடுவில் அதை மாற்றவும் செய்வார்கள். இசையமைப்பாளர் ஷோன்பேர்க் 1908 அளவில் ஆதாரமே இல்லாமல் எழுதத் தொடங்கினார். எனக்கு அதில் இன்னும் கால் பாவவில்லை.

ஆர்மோனியத்தில் செய்த சோதனை தமிழுக்குப் பழையது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் ஒவ்வொன்றையும் குரலாக, அதாவது ஆதாரமாக, வைத்து வெவ்வேறு பாலைகளை, அதாவது சுர வரிசைகளை, பிறப்பித்தார்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு இந்தப் பெயர்களையே இட்டு வட்டமாக நிறுத்துகிறார் இளங்கோ. அந்தக் கணக்கை விரித்து எழுதியவர் நமது கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது.

கொட்டியாரக் குடாவின் மறுபக்கத்துத் திருகோணமலைக் கோணேசர்மீது சம்பந்தர் பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. இன்று அதைப் பூபாளத்தில் பாடுகிறார்கள். பூபாளத்தில் ம, நி இல்லை. ரி ‘ச’வையும் த ‘ப’வையும் ஒட்டியே நிற்பதால், சுருதிப்பெட்டியில் ஒலிக்கும் அந்த இரண்டு சுரங்களையும் அவை உரசிக்கொண்டே இருக்கும். விடியற்கால ராகத்தின் அந்த இறுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. பெட்டியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்லுங்கள், பாதி போய்விடும்.