வைஃபை நின்றதும் வருந்தலாமா?

வில்லியனூர், பாகூர்ப் பகுதி மக்களாகிய நமக்குக் கம்பியில்லாத் தொடர்பு புதியதன்று. 1998ஆம் ஆண்டிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சிற்றூர்களின் தகவல் மையங்களை வானொலி அலைகளால் இணைக்கத் தொடங்கியது. கடலலையின் உயரம் வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. அம்மையங்களை நடத்தியோருள் பலர் பொறியியல் பயிலாத கிராமத்துப் பெண்களே!

இன்றோ வீட்டுக்குள்ளேயே வைஃபை. ஓரிரவில் கணினி தன் மென்பொருளைப் புதுப்பித்துக் கொள்கிறது. காலையில் இணைப்பு இல்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாள்! "எதைத் தொட்டுக் கெடுத்தாய்?" என்று பிள்ளையைக் கடிந்து கொள்கிறோம். சற்றே பொறுப்போம்.

முதலில் கைப்பேசியில் வைஃபை வருகிறதா எனப் பார்ப்போம். வந்தால் பழுது பெரும்பாலும் கணினியில்தான். 'ஏரோபிளேன் மோடு' இயங்கினால் அணைப்போம். விண்டோஸ் கணினியை அணைத்துப் போடுவதைவிட 'ரீஸ்டார்ட்' செய்வதே நன்று. பின்னர்ப் பழைய இணைப்பை நீக்கி, கடவுச்சொல்லை மீண்டும் இடுவோம். அப்போதும் வராவிடில், வைஃபைக் கருவியை இயக்கும் 'டிரைவர்' புதிய மென்பொருளோடு ஒத்துப்போகாதிருக்கலாம். 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் அக்கருவியைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்பும். பொத்தான் மங்கியிருந்தால், அண்மையில் வந்த புதுப்பிப்பை நீக்கிப் பார்க்கலாம்.

விண்ணப்பம் அதுவரை காத்திராதே! கைப்பேசியைக் கம்பியால் கணினியுடன் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' வழியே முதலில் அதனை அனுப்பிவிடுவோம். பழுதைப் பிறகு பார்ப்போம். பிள்ளையின் கண்ணீரை முதலில் துடைப்போம்.