ஆக்சிலேட்டர் கொடுத்தா ஓடுது, விட்டா நின்னுடுது

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னால் கொஞ்சம் புல்தரை இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை வெட்டித் தர ஒரு அண்ணன் வருவார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பெட்ரோல் புல் வெட்டும் மெஷின் வைத்திருக்கிறார். அதுதான் அவர் பிழைப்பு.

போன மழைக்காலம் முடிந்து வந்தபோது மெஷின் மக்கர் பண்ணியது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ள வேகத்தைக் குறைத்தால் போதும், இரண்டு திணறல், அப்புறம் நின்றுவிடும். திரும்பக் கயிறை இழுக்க வேண்டும். அன்றைக்கு நான் எண்ணியது 14 இழுப்பு.

"ஃபுல் ஸ்பீடுல நல்லாத்தான் ஓடுது தம்பி. கம்மி பண்ணா செத்துடுது. கார்புரேட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க," என்றார், வலது தோளைப் பிடித்துக்கொண்டே.

எனக்குத் தொழில் சாஃப்ட்வேர். ஆனால் அவர் சொன்னதில் நல்ல துப்பு ஒன்று இருந்தது. முழு வேகத்தில் ஒழுங்காக ஓடும் என்ஜின் ஐடிலிங்கில் மட்டும் ஏன் சாக வேண்டும்? சனி, ஞாயிறு இரண்டு நாள் மெஷினை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவருக்கு அது இரண்டு நாள் கூலி. அதனால் விளையாட்டாகச் செய்ய முடியாது.

ஐடிலிங்குக்குத் தனி வழி

கார்புரேட்டர் என்பதே ஃப்ரெஞ்சிலிருந்து வந்த சொல். நம்ம ஊருக்கு அந்நியமில்லை! உள்ளே இருப்பது நடுவில் குறுகிய ஒரு குழாய். குறுகலில் காற்று வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும். இத்தாலியரான வெஞ்சூரி இதுபோன்ற சோதனைகளைப் பற்றி 1797-ல் பாரிஸில் புத்தகம் வெளியிட்டார். கார்புரேட்டரின் குறுகலுக்கு இன்றும் அவர் பெயர்தான். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூறலாகக் காற்றில் கலக்கிறது.

சிக்கல் வேகத்தைக் குறைக்கும்போது வருகிறது. த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிவிடும். குறுகலில் காற்றோட்டம் இல்லை, மெயின் ஜெட்டும் உறிஞ்சாது. அதனால் தட்டின் விளிம்பருகே ஒரு குட்டி ஓட்டை வைத்து, அதற்குத் தனிப் பாதை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் இருப்பது பைலட் ஜெட். நம்ம மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பார்கள். இந்த மாதிரிச் சின்ன என்ஜின்களில் அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு பிசின் துணுக்கு போதும் அடைக்க. மெயின் ஜெட் பெரிது, தப்பித்துவிடும். அண்ணன் சொன்ன அறிகுறிக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று மிகக் கொஞ்சம். எங்கேயாவது ஒரு கேஸ்கெட் வழியாகத் திருட்டுக் காற்று நுழைந்தால், முழு வேகத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம். ஐடிலிங்கிலோ மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

முதலில் நான் செய்த தப்பு

ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டினேன். நிற்கவில்லை. ஆனால் "ஊம்... ஊம்..." என்று ஏறி இறங்க ஆரம்பித்தது. கலவையில் பெட்ரோல் பற்றாமல் வேகம் விழும், கவர்னர் த்ராட்டிலைத் திறக்கும், மெயின் ஜெட் வேலை செய்ய, வேகம் எகிறும், கவர்னர் மூடும், மறுபடி பற்றாக்குறை. எர்ரர் வரும் இடத்தை விட்டுவிட்டு, எர்ரர் மெசேஜை மறைக்கிற புரோகிராமர் வேலையைத்தான் நான் செய்திருந்தேன். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வரிசையாகத் தொடங்கினேன்.

சோதித்த வரிசை

மெஷினில் கை வைக்கும் முன் பிளக் கேப்பைக் கழற்றி விடுங்கள். பிளேடைக் கையால் சுற்றினால்கூட என்ஜின் ஸ்டார்ட் ஆகலாம். சாய்ப்பதென்றால் ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்க்கணும். இல்லாவிட்டால் ஆயில் ஃபில்டருக்குள் போய்விடும்.

1. பெட்ரோல். டேங்கில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். மழைக்காலம் முழுக்கக் கிடந்தது; வார்னிஷ் வாசனை. லேசான பகுதிகள் ஆவியாகி, மிச்சம் பிசினாகும். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். தவிர, வெறும் பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய ஜெட் அளவு மாறுவதில்லை என்பதால், கலவை ஏற்கெனவே கொஞ்சம் பெட்ரோல் குறைவாகத்தான் போகிறது. பழசைக் கொட்டிப் புதுசு ஊற்றினேன்.

2. ஏர் ஃபில்டர். தூசிதான். தட்டிச் சுத்தம் செய்தேன். மாற்றமில்லை.

3. ஸ்பார்க் பிளக். முனை கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இது வெளுத்திருந்தது. இடைவெளி 0.7 மி.மீ., சரியாகவே இருந்தது.

4. சோக் சோதனை. முக்கியமானது இதுதான், செலவும் இல்லை. என்ஜின் சூடான பிறகு, ஐடிலிங்கில் சோக்கைப் பாதி மூடுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் பற்றவில்லை என்று பொருள்: ஜெட் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், அல்லது வேறு கோளாறு. இங்கே சோக் பாதி மூடியதும் சீரானது. பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

5. பைலட் ஜெட். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒளி வரவில்லை. கிளீனரில் ஊறவைத்து, டயர் கடையில் காற்று அடித்து வாங்கினேன். குத்தியே ஆகணும் என்றால் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்று போதும். ஸ்டீல் ஊசி வேண்டாம். துளை பெரிதானால் ஜெட்டே போச்சு.

மாட்டி இழுத்தேன். நிற்காமல் ஓடியது, ஆனால் லேசான தள்ளாட்டம் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் ஆகிவிட்டது. "இதுவே போதும்" என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தத் தோள்பட்டை ஞாபகம் வந்தது.

6. காற்றுக் கசிவு. என்ஜின் ஓடும்போது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள இணைப்பில், பிளக்கிலும் சைலென்ஸரிலும் படாமல், கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். சத்தம் மாறியது. கழற்றினால், கேஸ்கெட் ஓரத்தில் கிழிசல். கழற்றும்போது கிழித்தது நானேதான்! புது கேஸ்கெட் விலை அறுபது ரூபாய். திங்கள் காலை மாட்டியதும் தள்ளாட்டம் போய்விட்டது.

இதிலும் சரியாகவில்லை என்றால்தான் வால்வு இடைவெளியும் கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும். அதற்கு மெக்கானிக்கிடம் போவது நல்லது.

முழு கார்புரேட்டரையே ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து புது பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். இன்று வேலை பழகும் பையன் கையில் கார்புரேட்டர் வருவதே குறைவு. புதுசு மாட்டினால் புது ஜெட்டும் புது கேஸ்கெட்டும் சேர்ந்தே வருகின்றன, கோளாறு தீர்ந்துவிடுகிறது. எது கோளாறு என்று தெரியாமலே தீருகிறது, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் அண்ணனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கூலி.

திங்கள் மதியம் வந்தார். ஒரே இழுப்பு. வேகத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டு நின்றார். ஒரு நிமிஷம் ஓடியது, இரண்டு நிமிஷம் ஓடியது.

"அடுத்த மழைக்கு முன்னாடி என்ன பண்ணணும் தம்பி?" என்று கேட்டார்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடணும். கார்புரேட்டரில் பெட்ரோல் மிச்சம் வைக்கக் கூடாது. அதைத்தான் சொன்னேன். வீட்டில் இப்படி மெஷின் வைத்திருப்பவர்கள் அக்டோபர் பிறக்கும்போது இதைச் செய்துவிடுங்கள்.