வெல்லவிடும் பகைவனும் வெல்ல வந்த பகைவனும்

விண்வெளியையும் அந்நிய கிரகங்களையும் களமாகக் கொண்ட துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்களில் ஏதேனும் ஒன்றைப் பற்றி, அதில் பழகியவர்கள் இருவரை விசாரித்தால், ஒருவர் அதனை அற்புத சிருஷ்டி என்று கொண்டாடுவதையும், மற்றவர் சாரமற்ற பண்டம் என்று ஒதுக்குவதையும், ஆயினும் இருவருமே தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள் என்பதையும் அநேகமாகக் காணலாம். ஒருவர் தனியே அமர்ந்து கதைப்பகுதியை ஆடி முடித்தவராக இருப்பார். மற்றவர் கதையின் பக்கமே போகாமல், இணையத்தின் வழியே ஊர் பேர் தெரியாத மனிதர்களோடு இரவெல்லாம் பொருதியவராக இருப்பார். முன்னதைச் சிங்கிள் பிளேயர் என்றும் பின்னதை மல்டிபிளேயர் என்றும் ஆடுகிறவர்கள் சொல்கிறார்கள். ஒரே வட்டில், ஒரே ஆயுதங்களோடும் ஒரே சித்திரங்களோடும் வெளிவந்தபோதிலும், இவ்விரண்டும் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்ட கலைகள் என்பதை உணராதவரை, இவற்றின் தராதரத்தைப் பற்றிய வழக்குத் தீராது.

வழக்கு பழையது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் பிடிபி-1 என்னும் கணினிக்காக ஆக்கிய ‘ஸ்பேஸ்வார்’, இரு மனிதர்கள் ஒருவர் விண்கலத்தை மற்றவர் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். அதில் கதையும் இல்லை, யந்திரப் பகைவனும் இல்லை. 1993 டிசம்பரில் ஐடி சாப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’, செவ்வாயின் சந்திரன்களில் ஒற்றை வீரன் அரக்கர் கூட்டத்தை எதிர்க்கும் சாகசத்தையும், நால்வர் வரை தங்களுக்குள் மோதிக்கொள்ளும் ‘டெத்மேட்ச்’ என்ற போட்டியையும் சேர்த்தே தந்தது. அதன்பின் பாதைகள் பிரிந்தன. 1998-இல் வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப்’ கதை சொன்ன நேர்த்தியால் புகழ் பெற, மறு ஆண்டே ‘குவேக் 3 அரினா’வும் ‘அன்ரியல் டோர்னமென்ட்’டும் கதையை ஏறக்குறையக் கைவிட்டுப் போட்டி ஒன்றையே நோக்கமாகக் கொண்டு வந்தன. பிரிந்த இவ்விரண்டையும் மறுபடி ஒன்றாகப் பிணைத்தது, 2001 நவம்பர் 15 அன்று மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு கூடவே வெளிவந்த, பங்கி நிறுவனத்தாரின் ‘ஹேலோ’. இரு கலைகளையும் அருகருகே வைத்து ஆராய இதைக் காட்டிலும் வாய்ப்பான உதாரணம் எனக்குக் கிட்டவில்லை.

தனியாட்டத்தின் உயிர்நாடி, எதிரே நிற்கும் யந்திரத்தின் அறிவு. இதில் ஒரு விநோதம் உண்டு. கணினி நினைத்தால் ஆடுகிறவனைக் கண நேரத்தில் மாய்த்துவிடலாம். அவன் எந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறான் என்பது அதற்குத் தெரியும். அதன் குறி தப்ப வேண்டிய அவசியமும் இல்லை. ஆகையால் கேமை ஆக்கும் நிபுணர்கள் பாடுபடுவதெல்லாம் பகைவனை வலியவனாக்குவதற்கு அன்று. கண்ணில் பட்டதை மட்டுமே அறிந்தவனாக, காதில் விழுந்த ஓசைக்கே திரும்புகிறவனாக, அச்சமும் ஆவேசமும் உடையவனாக, முடிவில் அழகாகத் தோற்கத் தெரிந்தவனாக அவனை ஆக்குவதற்கே. சிலம்பம் பயிற்றும் ஆசான், மாணவனுடைய வீச்சு தம்மேல் விழுவதற்கு இடம் கொடுத்தும், இடம் கொடுத்ததை அவன் உணராதபடி பார்த்துக்கொள்வாரே, அந்தச் சாமர்த்தியமே இங்கும் வேண்டப்படுவது.

ஹேலோவில் மாஸ்டர் சீஃப் என்னும் வீரனை எதிர்க்கும் அந்நிய ஜீவராசிகளின் படையில், எலீட் என்னும் நெடிய போர்த்தலைவன் வீழ்ந்ததும், அவன் பின்னால் நின்ற கிரண்ட் என்னும் குள்ளர்கள் கைகளை உயர்த்திக் கொண்டு கூக்குரலிட்டுச் சிதறி ஓடுகிறார்கள். வெறும் வேடிக்கையன்று இது. தலைவனை முதலில் வீழ்த்துவதா, சில்லறைப் பகைவர்களை முதலில் குறைப்பதா என்ற ஆலோசனையை ஆடுகிறவனின் மனத்தில் சொல்லாமல் விதைக்கும் உபாயம் அது. இந்தப் பகைவர்களை உருவாக்கியவர்களில் கிறிஸ் புட்சரும் ஜேமி கிரீஸ்மரும் 2002-இல் கேம் ஆக்குபவர்களின் மாநாடு ஒன்றில் சொன்ன செய்தி இன்னும் சுவையானது: பகைவரின் அறிவைச் சிறிதும் மாற்றாமல், அவர்கள் அடி தாங்கும் வலிமையை மட்டும் கூட்டி ஆடக் கொடுத்தபோது, சோதித்துப் பார்த்தவர்கள் பகைவர்கள் முன்னைவிடப் புத்திசாலிகளாகிவிட்டதாக மதிப்பிட்டார்களாம். எலீட் ஒருவன் பாறைக்குப் பின் பதுங்கி, பக்கவாட்டில் சுற்றி வந்து தாக்குவதைக் கண்டு வியக்க வேண்டுமானால், அதைச் செய்து காட்டும் வரையிலாவது அவன் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

இதனோடு இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்தன. மாஸ்டர் சீஃபின் கவசத்தைச் சூழ்ந்த சக்தித்திரை, சிறிது நேரம் அடிபடாமல் ஒதுங்கினால் தானே நிரம்பிக் கொள்ளும். அதனால் பாய்வது, பின்வாங்குவது, மீண்டும் பாய்வது என்ற ஒரு தாளம் ஒவ்வொரு சண்டைக்கும் இயல்பாக அமைந்தது. ஒரு சமயத்தில் இரண்டு ஆயுதங்களுக்கு மேல் சுமக்க இயலாது. ஆகவே மூன்றாவதைக் கண்டபோதெல்லாம் எதைத் துறப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘லைப்ரரி’ என்னும் அத்தியாயத்தில் ஒன்றுபோலவே தோன்றும் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் சலிப்பும், பிற்பாதியில் முன்பு பார்த்த இடங்களுக்கே திரும்பி வரும் சிக்கனமும் பலர் சுட்டிய குற்றங்களே.

மல்டிபிளேயரில் மேற்சொன்ன சிற்பம் முழுவதும் பயனற்றுப் போகிறது. அங்கே எதிரே நிற்பவன் வெல்லவே வந்தவன். அழகாகத் தோற்கவேண்டும் என்ற எண்ணம் அவனுக்குக் கனவிலும் கிடையாது. ஆகையால் ஆக்குபவரின் வேலை பகைவனைப் படைப்பதிலிருந்து களத்தைப் படைப்பதற்கு மாறிவிடுகிறது. ஹேலோவின் ‘பிளட் கல்ச்’ என்னும் களம் மலைகளுக்கிடையே கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு. இரு கோடிகளிலும் எதிரெதிராக இரு கோட்டைகள். நடுவே பாறைகளும் மேடுகளும். அதில் கதை ஒரு வரிகூட இல்லை. ஆயினும் ராக்கெட் பீரங்கி போன்ற வலிய ஆயுதங்கள் குறித்த இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றுமாதலால், அந்த நேரத்தை மனத்தில் எண்ணிக்கொண்டு அங்கே போய்ச் சேருகிறவன், குறி பார்ப்பதில் தன்னினும் வல்லவனையும் வென்றுவிடுகிறான். நான்கு எக்ஸ்பாக்ஸ்களைக் கம்பியால் இணைத்துப் பதினாறு பேர் ஒருசேர ஆடிய காலத்தில், அந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பாறையும் சதுரங்கக் கட்டம்போல் மனப்பாடமாயிற்று.

களம் நன்றாக அமைந்தால் மட்டும் போதாது. எதிராளி சமமானவனாகவும் வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பௌதிகப் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ சதுரங்க வீரர்களை மதிப்பிட வகுத்த கணக்கின் சாரம், வென்றவன் எண் ஏறுவதும் தோற்றவன் எண் இறங்குவதும், எதிர்பாராத வெற்றிக்குக் கூடுதல் ஏற்றம் தருவதுமாகும். மைக்ரோசாப்டின் ஆராய்ச்சியாளர்கள் அதனை மேலும் வளர்த்து, ஒருவருடைய திறமையோடு, அத்திறமையைப் பற்றித் தமக்குள்ள சந்தேகத்தையும் ஓர் எண்ணாகக் கணக்கிடும் ‘ட்ரூஸ்கில்’ முறையை அமைத்தார்கள். 2007-இல் வந்த ‘ஹேலோ 3’ அதைக் கொண்டே ஆட்டக்காரர்களை இணை சேர்த்தது.

மற்றொரு தடை இயற்கையே இட்டது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சியாட்டிலுக்கும் லண்டனுக்கும் ஏறத்தாழ 7,700 கிலோமீட்டர். நேர்கோட்டிலேயே சென்றாலும் போய்வர வினாடியில் பதின்மூன்றில் ஒரு பங்கு ஆகும். துப்பாக்கிச் சண்டையில் இது அற்ப காலமன்று. ஆகவே 1996-இல் ஐடி சாப்ட்வேரின் ஜான் கார்மாக் தம் ‘குவேக்வேர்ல்ட்’ பதிப்பில், ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வரின் விடைக்குக் காத்திராமல் ஆடுகிறவனுடைய அசைவை அவனுடைய கணினியே முன்கூட்டி ஊகித்துக் காட்டும் யுக்தியைப் புகுத்தினார். பின்வந்தவர்கள், நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தானோ அங்கே காலத்தைப் பின்னோக்கித் திருப்பித் தீர்ப்பளிக்கும்படி சர்வரைப் பழக்கினார்கள். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சில சமயம் குண்டு பட்டு விழுவதன் ரகசியம் இதுதான், ஆத்திரப்படுவதில் பயனில்லை.

இவ்விரு கலைகளுள் ஒன்றில் சிறந்தவர்கள் மற்றொன்றிலும் சிறப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2014-இல் தனிக்கதை இன்றி மல்டிபிளேயராகவே வந்த ‘டைட்டன்ஃபால்’ அந்தக் குறைக்காக விமர்சிக்கப்பட்டது. 2016-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்திலோ, இரு காலங்களுக்கிடையே கண நேரத்தில் தாவிச் செல்லும் ஓர் அத்தியாயம், இவ்வகைக் கதையாட்டங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

என்னுடைய தீர்ப்பைக் கேட்டால், உச்ச நிலையில் மல்டிபிளேயர் தரும் ஆனந்தத்துக்குத் தனியாட்டம் ஈடாகாது. ஏனெனில் மனித மனத்தின் தந்திரத்தை எந்தக் கணக்கும் முழுதாகப் போலி செய்ததில்லை. ஆனால் அந்த ஆனந்தம் நம் கையில் இல்லை; கூட்டம் கலைந்தாலோ சர்வர் நின்றாலோ அது போய்விடும். 2004-இல் வெளியாகி இணையச் சண்டைக்கே இலக்கணம் வகுத்த ‘ஹேலோ 2’, பழைய எக்ஸ்பாக்ஸுக்கான இணையச் சேவையை 2010 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் மூடியபோது, அந்தக் கருவியில் தன் பெருமையில் பாதியை இழந்தது. கதைப்பகுதி வட்டிலேயே இருந்தது. 2014 நவம்பரில் பழைய ஹேலோக்களைத் தொகுத்து ‘மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்’ வெளிவந்தபோதும், எதிராளிகளை இணை சேர்க்கும் ஏற்பாடு பல வாரங்கள் சரிவர இயங்காமல் ஆட்டக்காரர்கள் காத்துக் கிடக்க, கதையை ஆட வந்தவர்கள் தம் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகையால் புதிதாக இத்துறையில் புகும் வாசகர், முதல் ஹேலோவின் கதைப்பகுதியை நான்கு கடின நிலைகளில் மூன்றாவதான ‘ஹீரோயிக்’கில் தனியே ஆடிப் பார்க்கட்டும், அதற்குக் கீழே பகைவரின் அறிவு வெளிப்படுமுன் அவர்கள் மாண்டுவிடுகிறார்கள். அடுத்து நண்பர் ஒருவரை அருகில் அமர்த்தி அதே கதையை இருவராக ஆடட்டும். ஒருவர் வீழ்ந்தால், மற்றவர் ஆபத்தில்லாத இடம் சேர்ந்ததும் வீழ்ந்தவர் மீண்டு வருவார். முகம் தெரியாதவர்களோடு பொருதுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.