பழைய கீசரை மாற்றப் போகிறீர்களா?

கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லியில் நம்மவர் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். பரணிலிருந்து ரஜாய் இறங்கியாயிற்றா? கீசர் ஓடுகிறதா? மார்ச்சில் அணைத்த கீசரை எட்டு மாதம் கழித்து மறுபடி போடும்போதுதான் அதன் உடல்நிலை நமக்குத் தெரிய வருகிறது. ஒழுகும், அல்லது சூடே ஏறாது, அல்லது பொட்டென்று ப்யூஸ் போகும். உடனே கடைத்தெருவுக்கு ஓடுகிறோம். எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர், எவ்வளவு தள்ளுபடி என்று நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். ஆனால் அதைச் சுவரில் மாட்டப் போகிறவர் யார் என்று மட்டும் விசாரிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், 2021 டிசம்பர் வரை.

அந்த மாதம் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். இரண்டாம் நாள் காலை குளித்துவிட்டு வந்தவர், "ஏம்மா, இந்த ஊர்க் குளிருல குழாய்கூடக் கடிக்குதே!" என்றார். விரல் விறைத்திருக்கும் என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாளும் அதையே சொன்னார். என் கணவர் டெஸ்டரைக் குழாயில் வைத்தார். விளக்கு எரிந்தது! சிரித்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

மின்சாரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் பார்த்தோம். கீசருக்குள் இருந்த சூடாக்கும் கம்பியில் வெடிப்பு. அது வயதானால் வருவதுதான். ஆனால் சாக்கெட்டைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எர்த் கம்பி எங்குமே இணைக்கப்படாமல் சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. 2006-இல் கீசரை மாட்டியவர் செய்த வேலை. பதினைந்து வருடம் அந்தக் குளியலறையில்தான் குழந்தைகளைக் குளிப்பாட்டினோம். 'ஹோ ஜாயேகா, பாபிஜி' என்று அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

செம்பு பாய்லரும் கீசரும்

ஊரில் நம் பாட்டி வீட்டுச் செம்பு பாய்லரை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு குழல், அதில் கரி, சுற்றிலும் தண்ணீர். தண்ணீர் ஊற்றும் வாய் திறந்தே இருக்கும். கொதித்தால் ஆவி வெளியே போய்விடும். கரியும் புகையும் தவிர வேறு தொல்லை இல்லை.

கீசர் அப்படியல்ல. அது நாலாபுறமும் மூடிய தொட்டி. அதற்குள் தண்ணீரும் மின்சாரமும் அருகருகே குடியிருக்கின்றன. சூடாக்கும் கம்பி என்பது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே மின்சாரம் ஓடும் கம்பி. இரண்டுக்கும் இடையில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொடி. நிலத்தடி நீர் கலந்து வரும் உப்புத் தண்ணீரில் இந்தக் குழாய்மேல் வருடக்கணக்கில் சுண்ணாம்பு படிகிறது. படிந்த சுண்ணாம்பு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்க, குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து ஒருநாள் வெடிக்கிறது. அப்போது மின்சாரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் வந்துவிடும். எர்த் சரியாக இருந்தால் அது பூமிக்குப் போய்விடும், சுவிட்சும் விழும். எர்த் இல்லையென்றால், யாராவது வந்து குழாயைத் தொடும்வரை அது காத்திருக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்?

தெர்மோஸ்டாட், சூடாக்கும் கம்பி இவை கெட்டால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். புதுக் கீசர் வாங்கத் தேவையில்லை. ஆனால் தொட்டியே ஓட்டையாகிவிட்டால், வெந்நீர் துருநிறத்தில் வந்தால், அடிப்பாகத்தில் துருக்கறை தெரிந்தால், ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள வேண்டாம். பெரும்பாலான தொட்டிகளுக்குள் ஆனோடு என்ற மெக்னீசியக் கம்பி ஒன்று உண்டு. தொட்டியைக் காப்பதற்காகத் தான் கரைந்துபோகும் கம்பி அது. உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சரியான சமயத்தில் அதை மாற்றினால் தொட்டியின் ஆயுள் கூடும். இப்படி ஒரு கம்பி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

எத்தனை லிட்டர்?

"சென்னையில் அண்ணன் வீட்டில் 15 லிட்டர்தான், நாலு பேரும் குளிக்கிறார்கள்" என்று சொல்லி இங்கும் அதையே வாங்கிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கீசரில் 60 டிகிரி வெந்நீர் 15 லிட்டர் இருக்கிறது. குளிக்க 40 டிகிரி வேண்டும். சென்னையில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், விளாவிய பிறகு சுமார் 38 லிட்டர் கிடைக்கும். ஜனவரிக் காலையில் தில்லி மாடித் தொட்டித் தண்ணீர் 10 டிகிரி என்று வைத்தால் கிடைப்பது 25 லிட்டர்தான். ஒன்றரை வாளி! 25 லிட்டர் கீசர் என்றால் சுமார் 42 லிட்டர் கிடைக்கும். ஆகவே வரிசையாகக் குளித்துவிட்டுப் பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஓடும் குடும்பத்துக்கு இங்கே 25 லிட்டரே சௌகரியம்.

2 கிலோவாட் கம்பி 25 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக முக்கால் மணி நேரமும் ஏறத்தாழ ஒன்றரை யூனிட்டும் ஆகும். 3 லிட்டர் 'இன்ஸ்டன்ட்' கீசர் பாத்திரம் கழுவப் போதும். அதன் 3 கிலோவாட் கம்பி நமது ஜனவரித் தண்ணீரை 25 டிகிரி ஏற்றுவதானால் நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர்தான் தரும். வாளி நிறைவதற்குள் குளிரில் நடுங்கிவிடுவோம்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். அதன் அருகிலுள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் இட்டால் முத்திரை உண்மையானதா என்று தெரிந்துவிடும். நட்சத்திரம் கூடினால், காய்ந்த தண்ணீர் சும்மா ஆறிப்போவது குறையும். உயரமான கட்டடத்திலோ, மோட்டார் வைத்துத் தண்ணீரைத் தள்ளும் வீட்டிலோ இருந்தால், 8 பார் அழுத்தம் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

காஸ் கீசர் பற்றி ஓர் எச்சரிக்கை

வாடகை வீட்டில் முன்பு இருந்தவர் காஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே விட்டுப் போயிருந்தால், அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அடைத்த அறையில் காஸ் எரியும்போது காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிட்டுக் குளிக்கப் போனவர்கள் உள்ளேயே மயங்கி இறந்துபோன செய்தி வடநாட்டுப் பத்திரிகைகளில் குளிர்காலந்தோறும் வருகிறது. காஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், புகைபோக்கியோடு இருக்க வேண்டும். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி வெளியிடம் ஆகாது. குளிக்கும்போது தலைவலியோ தலைசுற்றலோ வந்தால் முதலில் வெளியே வந்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நல்ல மிஸ்திரியைக் கண்டுபிடிப்பது

பகீரத் பாலஸ் போய்ப் பேரம் பேசிக் கீசர் வாங்குவது நம்மில் பலருக்கு வழக்கம். தவறில்லை. ஆனால் மாட்டும் வேலைக்கும் அதே அக்கறை வேண்டும். கம்பெனி ஆளே மாட்டுவதானால், வாரண்டி அட்டையில் அச்சிட்ட எண்ணுக்கே பேசுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் மோசடி எண்களும் உண்டு. வெளியாள் மாட்டினால் வாரண்டி செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியாளைத்தான் அழைக்கிறீர்கள் என்றால், ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று வீடுகளில் விசாரியுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "வேலைக்குப் பிறகு ஏதாவது கோளாறு வந்ததா? கூப்பிட்டபோது திரும்ப வந்தாரா?" என்று கேளுங்கள். வந்தவரிடம் வேலை தொடங்கும்முன் மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, "அர்த்திங் ஹை க்யா? செக் கரோ." நல்ல ஆள் உடனே மீட்டரை எடுப்பார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். சாக்கெட்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிலர் உள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுவார்கள். அப்போதும் மீட்டர் 230 காட்டும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசரின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். இது எர்த் இல்லாததைவிட மோசம்.

இரண்டாவது, 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கேற்ற தனிக் கம்பியும், எம்.சி.பி.யும் இருக்கிறதா? 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காமல் உருகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் அது விழும். எங்கள் வீட்டில் அது இல்லை.

மூன்றாவது, சேஃப்டி வால்வு எங்கே? தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 10-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 400 மில்லி கூடுதல் இடம் கேட்கும். அழுத்தம் எல்லை மீறினால் அதை வெளியே விடுவதுதான் வால்வின் வேலை. சூடாகும் நேரத்தில் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் பயப்பட வேண்டாம். விடாமல் ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும், அல்லது தண்ணீரின் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் புதுக் கீசர் சொட்டியபோது, வேறொரு வேலையாக வந்த மிஸ்திரி அந்தத் துவாரத்தில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி அடைக்கப் போனார். நல்லவேளை, நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். தெர்மோஸ்டாட்டும் கெட்டு, வால்வும் அடைபட்டால் கீசர் வெடிகுண்டுக்குச் சமம்.

இந்த மூன்றுக்கும் முகம் சுளிக்கிறவரை, கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

அவர் புறப்படும்முன்

தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசர் 35 கிலோவுக்குக் குறையாது. கனமான சுவரில் தகுந்த போல்ட்டுகளால் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாம் நின்று குளிக்கும் இடத்துக்கு நேர்மேலே வேண்டாம். வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி.யாக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகும். பழைய இணைப்புக் குழாய்களையே திரும்பப் போட விடாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். தொட்டி நிறையாமல் போட்டால் கம்பி அன்றைக்கே எரிந்துபோகும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அவர் முன்னிலையிலேயே அழுத்திப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும், சுவிட்சை அணைத்துவிட்டே குளிக்கப் போகும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று விளாவச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் மாமியார் இங்கே வந்தால், குளிக்கப் போகும்முன் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது கடிக்காதே?" என்று கேட்பார். "கடிக்காது, அத்தை" என்று தைரியமாகச் சொல்கிறேன். அந்தத் தைரியத்துக்கு ஆனது அரை மணி நேரமும் மூன்று கேள்விகளும்தான். குளிர் முற்றுவதற்குள் உங்கள் வீட்டிலும் அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள்.