கண்ணாடியில் குடியேறிய நினைவுகள்

கண்ணாடி என்றதும் முகம் பார்ப்பதும் மூக்கில் மாட்டுவதும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். உருகிய கண்ணாடியோ வெல்லப்பாகு மாதிரி. இரும்புக் குழாயின் நுனியில் எடுத்து, சுழற்றிக்கொண்டே ஊத வேண்டும். சுழற்றுவதை நிறுத்தினால் தொங்கிவிடும். அவசரமாக ஆறவிட்டால் விரிசல் கண்டுவிடும். இந்தப் பொல்லாத பொருளில் இன்றைய கலைஞர்கள் எதைப் பார்த்து எதைப் படைக்கிறார்கள் என்பதை மூன்று பேரைக்கொண்டு விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு முன்கதை. அமெரிக்காவில் கண்ணாடி ஊதுவது நெடுங்காலம் ஆலைத் தொழிலாகவே இருந்தது. வரைபவர் ஒருவர், ஊதுபவர் வேறொருவர். 1962இல் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலைஞர் டொலிடோ அருங்காட்சியகத்தில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். முதலில் போட்ட கலவை சரிவர உருகவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடித் தொழில் ஆராய்ச்சியாளர் எளிதில் உருகும் கண்ணாடிக் கோலிகளைக் கொடுத்து உதவினார். சின்ன உலை போதும், கலைஞனே ஊதலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று.

லிட்டில்டனின் மாணவர்தான் டேல் சிஹூலி. 1977இல் தம் சொந்த ஊரான டகோமாவின் அருங்காட்சியகத்தில் செவ்விந்தியர் முடைந்த பழங்கூடைகளைப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்ததில் அவை நசுங்கிச் சரிந்திருந்தன. அந்தச் சரிவிலேயே அவர் அழகைக் கண்டார். கண்ணாடியும் தன் கனத்தால் தானாகச் சரியட்டும் என்று விட்டார். அவரது 'கூடை' வரிசை பிறந்தது. 1976இல் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வை போயிருந்தது. 1979இல் தோளிலும் அடிபட்டது. அதன்பின் அவர் வரைந்து காட்ட, குழுவினர் ஊதினார்கள்.

இரண்டாமவர் லினோ தாலியாபியேத்ரா. 1934இல் வெனிஸை அடுத்த முரானோ தீவில் பிறந்தவர். பதினொரு வயதில் பட்டறைக்குப் போனவர். 1291இல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை இந்தத் தீவுக்கு மாற்றியது. தொழில் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று நூற்றாண்டுக்கணக்கில் காவலும் இருந்தது. லினோவோ 1979இல் அமெரிக்காவின் பில்சக் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார். ஊர்க்காரர் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அவர் கொடுத்தது என்ன ஆயிற்று என்பதற்கு மூன்றாமவரே சாட்சி. 1963இல் பிறந்த ப்ரெஸ்டன் சிங்கிள்டரி, அலாஸ்காவின் டிலிங்கிட் பழங்குடியைச் சேர்ந்தவர். வெனிஸ் முறையில் ஊதக் கற்றவர், முன்னோரின் தொப்பிகளையும் பெட்டிகளையும் கண்ணாடியில் செய்து, மணல் பாய்ச்சி அவற்றில் குலச் சின்னங்களைப் பொறிக்கிறார். பெட்டியில் பூட்டிக்கிடந்த சூரியனை அண்டங்காக்கை விடுவித்த கதை அவருடைய கண்ணாடியில் ஒளிர்கிறது. கைத்திறன் இத்தாலியுடையது, கதை பாட்டன்மாருடையது.

நம் பக்கத்து பிரோசாபாத் வளையல் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். உருகிய கண்ணாடி இழையைச் சுழலும் உருளையில் சுருளாகச் சுற்றுகிறார்கள். வெட்டியபின் முனைகளைச் சுடரில் காட்டி வேறு கைகள் ஒட்டுகின்றன. ஒரு வளையலில் எத்தனை பேர் கை! ஆனால் ஒருவர் பெயரும் வெளியே தெரியாது. திறமையில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். தங்கள் கதையைத் தாங்களே ஊதிப் பார்க்க ஒரு சின்ன உலையும், ஒளிக்காமல் சொல்லித்தர ஒரு லினோவும்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

பிழைக்க வந்த ஊரில் தொழில் கற்று, பிறந்த மண்ணை மனசில் சுமக்கும் நமக்கு, சிங்கிள்டரியின் கலை புரியாததல்ல.