மகனுக்கா சிகிச்சை, வீட்டுக்கா? குடும்ப உளவளத்துணையின் சில அணுகுமுறைகள்

“சேர், இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. வாப்பா வந்த நாளையில இருந்து ஸ்கூலுக்கும் போறான் இல்ல, எங்களோட கதைக்கிறானும் இல்ல.”

தன் 15 வயது மகனை உளவளத்துணையாளர் ஒருவரிடம் கூட்டி வந்து ஓர் உம்மா இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் கட்டிய குடும்பம்தான். ஆனால் கிழக்கிலங்கை வாசகர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையிருக்காது. வாப்பா 9 வருடம் கட்டாரில் உழைத்துவிட்டு ஆறு மாதத்துக்கு முன் ஒரேயடியாகத் திரும்பி வந்தவர். வீடு உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்தது. அதே வளவின் பின்பக்கத்தில் மூத்தம்மா இருக்கிறார். வாப்பா இல்லாத காலமெல்லாம் மீன் வாங்குவதிலிருந்து டியூஷன் வகுப்பு வரை முடிவெடுத்தவர்கள் உம்மாவும் மூத்தம்மாவும்தான். இப்போது வாப்பா ஒன்று சொன்னால் மூத்தம்மா வேறொன்று சொல்கிறார். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடக்கிறான். 11 வயதில் ஒரு தங்கச்சியும் இருக்கிறாள்.

இந்த வீட்டில் நோயாளி யார்? உம்மா விரலை நீட்டுவது மகனை நோக்கி. குடும்பச் சிகிச்சை என்ற துறை பிறந்ததே அந்த விரல் காட்டும் திசையைச் சந்தேகித்ததால்தான்.

மரே போவன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1954இல் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள தேசிய உளநல நிறுவனத்தில் ஒரு விசித்திரமான ஆய்வைத் தொடங்கினார். மனச்சிதைவு நோயாளிகளை மட்டுமல்லாமல், அவர்களுடைய தாய்மாரையும் பின்னர் முழுக் குடும்பங்களையுமே வார்டில் தங்கவைத்துக் கவனித்தார். அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்த எண்ணங்களில் முக்கியமானது ‘முக்கோணம்’. இருவருக்கிடையே மனஅழுத்தம் கூடும்போது அதைத் தாங்க முடியாமல் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். உம்மாவும் வாப்பாவும் தங்களுக்குள் பேசவேண்டியதைப் பேசாமல் மகனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது இதுதான். போவன் வழியில் நடக்கும் உளவளத்துணையாளர் மூன்று தலைமுறையின் குடும்ப வரைபடத்தை வரையச் சொல்வார். யார் யாரோடு நெருக்கம், யார் யாரோடு பேச்சில்லை, யார் எப்போது ஊரை விட்டுப் போனார் என்று கேட்பார். வாப்பாவிடம், “உங்கட வாப்பாவோட நீங்க எப்படி?” என்ற கேள்வி வரும்போதுதான் பல இடங்களில் கதை திறக்கும். கேட்பவர் தானே நாலாவது மூலையாக அந்தச் சண்டைக்குள் இழுபடாமல் இருப்பது இந்த வழியில் பெரிய பயிற்சி. ஊர் சின்னதாக இருந்து, வாப்பாவின் நானாவும் அவரும் ஒன்றாகப் படித்தவர்களாக இருந்தால் அது இன்னும் கஷ்டம்.

சல்வடோர் மினுச்சின் ஆர்ஜென்டீனாவில் பிறந்தவர். நியூயோர்க்கில் நீதிமன்றம் அனுப்பிய வறிய சிறுவர்களின் பாடசாலை ஒன்றில் பணியாற்றியபோது, பையனைத் திருத்தி வீட்டுக்கு அனுப்பினால் வீடு அவனைப் பழைய இடத்திலேயே மறுபடி நிறுத்திவிடுவதைக் கண்டார். 1965 முதல் பிலடெல்பியா சிறுவர் வழிகாட்டல் நிலையத்தின் பணிப்பாளராக இருந்து அவர் வளர்த்தது ‘கட்டமைப்பு’ அணுகுமுறை. இதில் மையமான சொல் எல்லை. நம் பாஷையில் சொன்னால் வேலி. சில வீடுகளில் வேலியே இல்லை; ஒருவருக்குத் தலையிடித்தால் எல்லாரும் குளிசை தேடுவார்கள். சில வீடுகளில் வேலி மதிலாகிவிட்டது. ஒருவர் விழுந்தாலும் மற்றவருக்குக் கேட்காது. வேலியும் வேண்டும், வேலியில் வாசலும் வேண்டும் என்பது அவருடைய கட்சி.

அவருடைய முறையில் கதை கேட்பது குறைவு, செய்ய வைப்பது அதிகம். “மகன் இரவு எத்தனை மணிக்குப் போனை வைக்கணும் என்று நீங்க ரெண்டு பேரும் இப்ப, இந்த இடத்திலயே பேசி முடிவெடுங்க” என்று உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாப்பா வாய் திறந்ததும் உம்மா மூத்தம்மாவைப் பார்ப்பா. மூத்தம்மா பதில் சொல்லுவா. மகன் சிரிப்பான். ஒரு மணி நேரம் விசாரித்தாலும் வெளிவராதது மூன்று நிமிடத்தில் கண்முன் நடந்துவிடும். அதன்பிறகு உளவளத்துணையாளர் கதிரைகளை மாற்றிப்போட்டு, உம்மாவையும் வாப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, மறுபடி தொடங்கச் சொல்வார்.

இங்கே நம்மவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் உளவளத்துணைப் பயிற்சிகள் பெருகின. நல்ல காரியம்தான். ஆனால் எந்த நூலிலும் படத்தில் இருப்பது தாய், தகப்பன், பிள்ளை என்ற சிறுகுடும்பம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் வளவுக்குள் நுழைந்தால் மூத்தம்மா ஒரு ‘தலையீடு’ ஆகத் தெரிவார். அவரை விலக்கு என்பது தீர்வாகத் தோன்றும். கல்யாணம் முடித்த மகளின் வீட்டுக்கு மருமகன் வந்து வாழ்வதும், மகளுக்கு வீடு கொடுத்த உம்மா அருகிலேயே இருப்பதும் கிழக்கு முஸ்லிம்களிடையே குறைபாடு அல்ல, வழமை. அந்த வழமை இல்லாவிட்டால் வாப்பா கட்டாரில் இருந்த 9 வருடமும் அந்தப் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள்? மினுச்சினே இதை எச்சரித்திருக்கிறார். பொறுப்பும் அதிகாரமும் யாருக்கு என்பது தெளிவாக இருந்தால், பாட்டியும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது நன்றாகவே நடக்கும்; யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட எல்லை தெளிவாக இருக்கிறதா என்பதே முக்கியம் என்பது அவர் கருத்து. அவர் வேலை செய்த வறிய கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோக் குடும்பங்கள் பலவற்றிலும் பாட்டிமார் இருந்தார்கள். நூலைப் பாதியில் மூடியவர்களுக்குத்தான் இது தெரியாது.

வேர்ஜினியா சட்டிர் என்ற அம்மையார் கவனித்தது பேச்சை. நெருக்கடியில் ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், ஒருவர் பழி போடுவார், ஒருவர் உணர்ச்சியே இல்லாமல் நியாயம் பேசுவார், ஒருவர் கதையை வேறெங்கோ திருப்புவார் என்று அவர் வகைப்படுத்தினார். வாசகர் தம் வீட்டில் இந்த நால்வரையும் தேடிக்கொள்ளலாம். எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

மிலான் நகரத்துக் குழுவை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். மாரா செல்வினி பலஸோலி உட்பட நான்கு இத்தாலிய உளமருத்துவர்கள் 1970களில் ஒன்றாக வேலை செய்தார்கள். இருவர் குடும்பத்தோடு அறைக்குள் இருக்க, மற்ற இருவர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அவர்கள் தந்த பெரிய கருவி ‘சுற்றுக் கேள்வி’. ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்காமல், மற்ற இருவருக்கிடையே நடப்பதை மூன்றாமவரிடம் கேட்பது. தங்கச்சியிடம் கேட்போம்: “வாப்பாவும் மூத்தம்மாவும் முரண்படக்குள்ள உம்மா யாரப் பார்ப்பா?” “நானா நாளைக்கே ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினா, வீட்டில யாருக்கு முதல்ல வித்தியாசம் தெரியும்?” பிள்ளை யோசித்துவிட்டு, “வாப்பா திரும்பவும் கட்டாருக்குப் போயிருவாரு” என்று சொன்னால்? மகன் படிக்காமல் கிடப்பதுதான் வாப்பாவை ஊரில் பிடித்துவைத்திருக்கிறது என்ற சாத்தியம் அப்போது முதல்முறையாக மேசைக்கு வருகிறது. அது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். மிலான் குழு அதைக் கருதுகோள் என்றே அழைத்தது. பொருந்தாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள்.

இதற்கு நேரெதிராக, காரணமே தேடாத ஒரு வழியும் உண்டு. ஸ்டீவ் டி ஷேசரும் கொரியாவில் பிறந்த அவர் மனைவி இன்சூ கிம் பேர்க்கும் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வளர்த்த ‘தீர்வு மைய’ அணுகுமுறை அது. பிரச்சினை இல்லாத நேரம் எப்போது என்று தேடுவார்கள். மோட்டார் சைக்கிளைத் திருத்தும்போது மகன் வாப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான் என்றால் அந்த அரை மணித்தியாலத்தையே துருவுவார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற ‘அற்புதக் கேள்வி’யை நம் வீட்டில் இப்படிக் கேட்கலாம்: “இரவு படுக்கிறீங்க. அல்லாஹ்ட கிருபையால இந்தப் பிரச்சினை அப்படியே நீங்கிட்டு. ஆனா உங்களுக்கு அது தெரியாது. ஸுபஹுக்கு எழும்பினதும் எதைப் பார்த்து விளங்கிக்கொள்வீங்க?” பெரும்பாலும் வரும் பதில் மிகச் சிறியதாகவே இருக்கும். சேர்ந்து தேத்தண்ணி குடிப்பது மாதிரி.

அவுஸ்திரேலியாவின் மைக்கல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய ‘கதையாடல்’ வழி, பிரச்சினையை ஆளிலிருந்து பிரித்தெடுத்து அதற்கொரு பெயர் வைக்கச் சொல்கிறது. “சோம்பேறி” என்று மகனுக்குப் பெயர் வைப்பதை விட்டு, அவனை அறைக்குள் இழுப்பதற்குப் பெயர் வைத்தால், முழு வீடும் அவனோடு சேர்ந்து அதற்கு எதிராக நிற்கலாம்.

இவை எல்லாவற்றிலும் ஓர் ஓட்டை இருந்தது. குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்தே பிரச்சினையை ஓட்டிச் செல்கிறார்கள் என்ற பார்வை, அடிக்கிறவரையும் அடிபடுகிறவரையும் ஒரே தராசில் வைத்துவிடும். 1970களின் இறுதியிலிருந்து பெண்ணிய நோக்குடைய சிகிச்சையாளர்கள் இதைக் கடுமையாகக் கேட்டார்கள்; கேட்டது நியாயம். வாப்பா உம்மாவுக்குக் கை நீட்டுகிறார் என்ற சந்தேகம் வந்தால் இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசவைப்பது உளவளத்துணை அல்ல. அவர் முன்னால் உம்மா உண்மை சொல்ல மாட்டா, சொன்னால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கு விலை கொடுப்பா. முதலில் தனியாகச் சந்திக்கவேண்டும், பாதுகாப்பைக் கேட்கவேண்டும். வீட்டு வன்முறைத் தடுப்புக்கென 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சமூகத்தில் சமாதானம் செய்தலும் உளவளத்துணையும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சூரா அந்நிஸாவின் 35ஆவது வசனம் இரு பக்கக் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரைச் சொல்கிறது. பள்ளிவாசலிலும் காதி நீதிமன்றத்திலும் அந்த மரபு வாழ்கிறது. நடுவர் உறவினர், இரு தரப்பையும் அறிந்தவர், அபிப்பிராயம் சொல்பவர். உளவளத்துணையாளர் அந்நியர், தீர்ப்பில்லாதவர், கேட்டதை வெளியே கொண்டுபோகாதவர். இரண்டும் தேவை. ஆனால் ஒரே ஆள் காலையில் ஒன்றாகவும் பின்னேரம் மற்றதாகவும் இருந்தால் அவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

நம் உம்மாவிடம் திரும்புவோம். அவ கேட்டது புத்தி சொல்லச் சொல்லி. மேலே சொன்ன வழிகளில் எதை எடுத்தாலும், பதிலாக அவவுக்குக் கிடைக்கப்போவது ஒரு கேள்விதான்: “அடுத்த முறை வரக்குள்ள வாப்பாவையும் தங்கச்சியையும் மூத்தம்மாவையும் கூட்டி வருவீங்களா?”

“அவங்க எதுக்கு சேர்? பிரச்சினை இவனுக்குத்தானே.”

அந்த இடத்திலிருந்துதான் வேலை தொடங்குகிறது.